தேனீயிடம் சுவை கேட்டவர்

ஆஸ்திரிய நாட்டில் வொல்ஃப்காங் என்னும் ஏரி உண்டு. அதன் கரையில் புருன்வின்கல் என்னும் இடத்தில் பழைய மாவு ஆலை ஒன்று இருந்தது. வியன்னா நகரைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஒருவரின் குடும்பம் அதனைக் கோடை இல்லமாக்கிக் கொண்டது. அம்மருத்துவரின் நான்கு மைந்தருள் இளையவரே கார்ல் வான் ஃபிரிஷ். அவர் 1886ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் பிறந்தார். பள்ளியில் சிறந்த மாணவர் என்று பெயர் பெற்றவர் அல்லர். ஆனால் மீன், பறவை, பூச்சி என நூற்றுக்கும் மேற்பட்ட வகை உயிர்களைச் சிறு வயதிலேயே வளர்த்தார். அவற்றின் அசைவுகளை நெடுநேரம் அசையாதிருந்து நோக்குவார். அந்தப் பொறுமை பின்னாளில் அவருக்குப் பெரிதும் கைகொடுத்தது.

தந்தையின் விருப்பப்படி மருத்துவம் பயிலத் தொடங்கிய அவர், இடையில் விலங்கியலுக்கு மாறினார். 1910இல் முனைவர் பட்டம் பெற்றார். அக்காலத்தில் புகழ்மிக்க கண் மருத்துவப் பேராசிரியர் ஒருவர், தேனீக்களால் நிறங்களைப் பிரித்தறிய இயலாது என்று கூறியிருந்தார். நிறம் தெரியாத பூச்சிக்காக மலர்கள் ஏன் வண்ணம் பூண வேண்டும் என்று இளைஞர் ஃபிரிஷ் ஐயுற்றார். நீல அட்டையின்மேல் சர்க்கரை நீர் வைத்துத் தேனீக்களைப் பழக்கினார். பிறகு சர்க்கரையை நீக்கினார். சாம்பல் நிற அட்டைகள் பலவற்றின் நடுவே நீல அட்டையை வைத்தார். தேனீக்கள் தயக்கமின்றி நீலத்தையே நாடி வந்தன.

1925இல் மியூனிக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக அமர்ந்தார். அங்கு அவர் மேற்கொண்ட ஆய்வுகளுள் ஒன்று சுவையைப் பற்றியது. நமக்கு இனிப்பது தேனீக்கும் இனிக்குமா? கேள்வி எளிது, விடை காண்பது அரிது. தேனீ பேசாது. ஒரு கரைசலை அது குடிக்காமல் விலகினால், அதன் இனிப்பை உணரவில்லை என்பதா, உணர்ந்தும் வேண்டாம் என்று ஒதுக்கியது என்பதா?

இந்த இடத்தில்தான் ஃபிரிஷின் நுண்மதி வெளிப்படுகிறது. மலர்கள் நிறைந்த காலத்தில் தேனீக்கள் ஓரளவு இனிப்பான நீரையும் ஒதுக்கின. மலர்கள் அருகிய காலத்தில் அதே நீரை ஏற்றுக்கொண்டன. ஆகவே, தேனீ விரும்பும் அளவு வேறு, அதன் நாக்குக்குத் தெரியும் அளவு வேறு என அவர் உணர்ந்தார். தேனீக்களைப் பசித்திருக்க வைத்துச் சோதித்தார். பசியால் வாடும் தேனீயும் தொடாத நீர் அதற்கு வெறும் நீரே அன்றோ! நூற்றுக்கு மூன்று பங்கு சர்க்கரை கலந்த நீர் நம் நாவுக்குத் தெளிவாக இனிக்கும். தேனீக்கோ அது வெறும் நீராகவே பட்டது. தேனையே உணவாகக் கொண்ட உயிருக்கு நம்மைவிட மந்தமான இனிப்புணர்வு இருப்பது வியப்பாகத் தோன்றலாம். நீர்த்துப்போன தேனைக் கூட்டில் சேர்த்தால் அது புளித்துக் கெடும். அடர்ந்த இனிப்பை மட்டும் தேடுவதே அதன் குளிர்கால வாழ்வுக்கு ஏற்றது.

முப்பதுக்கும் மேற்பட்ட இனிப்புப் பொருள்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தார். நமக்கு இனிக்கும் பலவற்றைத் தேனீ இனிப்பாகக் கொள்ளவில்லை. பாலில் உள்ள சர்க்கரை அதற்குச் சுவையற்றது. நமக்கு மிகுதியாக இனிக்கும் சாக்கரினையும் அது நாடவில்லை. கசப்போ நம்மைப்போல் அதனை அத்தனை வருத்துவதில்லை. இவற்றையெல்லாம் 1934இல் விரிவான நூலாக வெளியிட்டார். இதனால் ஒரு பயனும் விளைந்தது. தேனீ வளர்ப்போருக்கு வரியின்றி வழங்கும் சர்க்கரையை மக்கள் வீட்டுக்கு எடுத்துக்கொள்ளாதவாறு காக்க வேண்டியிருந்தது. நமக்குக் கடுங்கசப்பாகவும் தேனீக்குக் கசக்காததாகவும் உள்ள ஒரு வேதிப்பொருளை அதில் கலக்கலாம் என்று அவர் காட்டினார்.

தேனீ தன் வாயுறுப்புகளால் மட்டுமன்றி, உணர்கொம்புகளின் நுனியாலும் முன்னங்கால்களாலும் சுவை அறிகிறது. இவ்விடங்களில் நுண்ணிய மயிர்கள் உள்ளன. ஒவ்வொரு மயிரும் உள்ளே புழையுடைய குழல். நுனியில் கண்ணுக்குப் புலப்படாத துளை ஒன்று உண்டு. மயிரின் அடியில் சில நரம்புச் செல்கள் அமைந்திருக்கும். அவற்றின் மெல்லிய இழைகள் நுனித் துளை வரை நீண்டிருக்கும். நம் நாவில் சுவையை உணரும் செல்கள் நரம்புச் செல்கள் அல்ல. அவை செய்தியை நரம்புக்குக் கைமாற்றித் தருபவை. பூச்சியிலோ நரம்புச் செல்லே நேரடியாக உணவைத் தொட்டு, மூளைக்குச் செய்தி அனுப்புகிறது.

ஆய்வுகள் தொடர்ந்துகொண்டிருக்கையில் பேரிடர் ஒன்று வந்தது. ஜெர்மனியில் ஹிட்லரின் நாஜி ஆட்சி நிலைபெற்றிருந்தது. யூதர்களைப் பதவியிலிருந்து விலக்கிய அந்த ஆட்சி, ஒவ்வொருவரின் முன்னோரையும் ஆராய்ந்தது. ஃபிரிஷின் தாய்வழிப் பாட்டி யூதக் குடியில் பிறந்தவர் என்பது தெரியவந்தது. 1941இல் அவரைப் பணியிலிருந்து நீக்க ஆணை பிறந்தது. வாழ்நாள் உழைப்பு முழுவதும் ஒரு தாளில் முடிந்துவிடும் நிலை. அதே வேளையில் நோசிமா என்னும் நோயால் தேனீக் கூட்டங்கள் பெருமளவில் மடிந்துகொண்டிருந்தன. தேனீக்கள் குறைந்தால் பழத் தோட்டங்களின் விளைச்சலும் குறையும். போர்க்கால அரசுக்கு ஃபிரிஷின் அறிவு தேவைப்பட்டது. பணிநீக்கம் போர் முடியும்வரை தள்ளிவைக்கப்பட்டது. பாட்டியின் பிறப்பைக் குற்றமாகக் கண்ட ஆட்சி, தேனீயின் பொருட்டே அவரை விட்டுவைத்தது. அவருடைய ஆய்வகம் பின்னர்க் குண்டுவீச்சில் சிதைந்தது. அவர் புருன்வின்கலுக்கே திரும்பினார். தேனீக்கள் நடனத்தால் உணவின் திசையையும் தொலைவையும் அறிவிக்கும் முறையை அந்த ஏரிக்கரையில்தான் கண்டறிந்தார்.

1955இல் அமெரிக்க அறிஞர் சிலர், ஒருவகை ஈயின் தனி மயிரொன்றில் சர்க்கரைக் கரைசல் நிறைந்த கண்ணாடிக் குழலைப் பொருத்தி, நரம்புச் செல்லின் மின்துடிப்பை அளந்தனர். சர்க்கரைக்கு ஒரு செல், உப்புக்கு வேறொரு செல் எனத் தனித்தனியே துடிப்பது ஆய்வுகளால் புலனாயிற்று. பசித்த தேனீயிடம் ஃபிரிஷ் கேட்ட கேள்வியை இப்போது அந்த மயிரிடமே கேட்க முடிந்தது.

1973இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு லோரன்ஸ், டின்பர்கன் ஆகியோருடன் ஃபிரிஷுக்கும் வழங்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 87. 1982ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் மியூனிக் நகரில் காலமானார்.