ரெயின்கோட்டுக்குப் பெயர் கொடுத்த மெக்கின்டோஷ்... அவரை ஜெயிச்ச வெயில்!

ஐப்பசி மழை. ஆழ்வார்பேட்டை டி.டி.கே சாலையில் பைக்கை ஓரங்கட்டிட்டு, போன வருஷ ரெயின்கோட்டைப் பிரிக்கிறீங்க. மடிப்பெல்லாம் ஒட்டிக்கிட்டு, இழுத்தா விரிசல்! இந்தத் தலைவலிக்கு வயசு 200. முதல்ல மாட்டிக்கிட்டவர், சார்லஸ் மெக்கின்டோஷ்.

1766-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பிறந்தவர். அப்பாவுக்குச் சாயத் தொழில். குமாஸ்தா வேலையை உதறிட்டு, ரசாயனத் தொழிலில் இறங்கினார்.

தார்க் கழிவிலிருந்து கிடைத்த நாப்தாவில் ரப்பரைக் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே சாண்ட்விச் போலப் பூசினார். 1823-ல் காப்புரிமை வாங்கினார். தண்ணி புகாத துணி ரெடி! இங்கிலாந்தில் ரெயின்கோட்டுக்கே அவர் பெயர்தான். என்ன, ஸ்பெல்லிங்கில் ஒரு 'கே' கூடிடுச்சு.

ஆனா வெயில் அடிச்சா கோட் பிசுபிசுத்தது, குளிர்ல விறைச்சது. தையல்காரர் ஊசி போட்ட ஓட்டை வழியா தண்ணி கசிஞ்சது. கம்பளியின் எண்ணெய்ப் பசை ரப்பரையே கெடுத்தது.

தீர்வு, கந்தகம். ரப்பரோடு சேர்த்துச் சூடாக்கினா, அதன் நீண்ட மூலக்கூறுகளுக்கு நடுவே பாலம் போடும். அதன்பிறகு ரப்பர் சட்டுனு இளகாது, விறைக்காது. அமெரிக்காவில் குட்இயர் 1839-ல் இதைக் கண்டுபிடிச்சார். மெக்கின்டோஷின் தொழில் கூட்டாளி தாமஸ் ஹேன்காக், 1843 நவம்பரில் இங்கிலாந்தில் காப்புரிமைக்கு விண்ணப்பிச்சார். அதற்கு 4 மாதம் முன்பு, ஜூலை 25-ல், மெக்கின்டோஷ் இறந்துட்டார்.

நம்ம ஊருக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. 1920-ல் கொல்கத்தாவில் சுரேந்திர மோகன் போஸ் தொடங்கிய பெங்கால் வாட்டர்புரூஃப் நிறுவனத்தின் 'டக்பேக்' கோட், பல தலைமுறைகளை நனையாம காப்பாத்தியது.

கந்தகம் சேர்ந்தாலும் ரப்பர் சிரஞ்சீவி இல்லை. புற ஊதாக் கதிர், வெப்பம், ஆக்சிஜன் மூணும் அதை மெல்லச் சிதைக்கும். காற்றில் இருக்கும் ஓசோன், இழுபட்டு நிற்கும் இடத்தைத்தான் முதல்ல தாக்கும். மடிப்பில் விரிசல் விழறது அதனாலதான்.

உங்க ரப்பர் கோட் நீடிக்கணுமா?

* மொட்டை மாடி வெயில் வேண்டாம். நிழலில், காற்றாடக் காய வையுங்க.
* மடிக்காம ஹேங்கரில் மாட்டுங்க. மடிச்சுத்தான் ஆகணும்னா, நல்லா காஞ்சபிறகு டால்கம் பவுடர் தூவுங்க.
* பைக் சீட்டுக்கு அடியில் மாசக்கணக்கில் திணிச்சு வைக்காதீங்க.
* அயர்ன் பாக்ஸ், பெட்ரோல், எண்ணெய் மூணும் கிட்டவே வரக் கூடாது.

மெக்கின்டோஷுக்கு இந்த வழியெல்லாம் சொல்ல ஆளில்லை. உங்களுக்கு இருக்கே!