நாடகத் தமிழாசான் சங்கரதாஸ் சுவாமிகள் சரித்திரம்

தாம் பிறந்த குடிக்குப் பெருமை தேடியவர் உலகிற் பலர். தாம் கைக்கொண்ட தொழிலுக்கே பெருமை தேடித் தந்தவரோ மிகச் சிலர். பிறர் இழிவென்று ஒதுக்கிய ஒரு தொழிலை விரும்பி ஏற்று, அதனைக் கற்றோரும் மதிக்குமாறு உயர்த்தியவர் அச்சிலரினும் அரியர். அத்தகையார் ஒருவரது சரித்திரத்தை நம் சங்கத்து அன்பர்களும், அவர்தம் இல்லத்துத் தாய்மாரும், சிறுவர் சிறுமியரும் அறிந்து பயன்பெறும் பொருட்டு இங்கே சுருக்கி எழுதப் புகுந்தோம். அவர்தாம் தமிழ் நாடக உலகம் தன் தலைமையாசிரியர் என்று போற்றும் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள்.

சரித்திரத்துட் புகுமுன் எம் ஊர்ச் செய்தி ஒன்றை உரைத்தல் வேண்டும். எமது கல்லாவியிலும், ஊத்தங்கரையைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் திருவிழா வந்துவிட்டால் கூத்தின்றி அது நிறைவு பெறுவதில்லை. கல்யாண முருங்கை மரத்திற் செதுக்கிக் கண்ணாடிச் சில்லும் வண்ணத் தாளும் ஒட்டிய கிரீடமும் புஜகீர்த்தியும் பூண்டு, முகத்தில் அரிதாரம் பூசி, காலிற் சலங்கை கட்டித் திரைக்குப் பின்னிருந்து கர்ணன் வெளிப்படும்போது, உறங்கிக்கொண்டிருந்த குழந்தையும் எழுந்து உட்காரும். மத்தளமும் தாளமும் விடியும்வரை ஓயா. யாமும் சிறுவயது முதல் அக்களரியின் ஓரத்தில் அமர்ந்து, வேடம் புனைவதைக் கண்கொட்டாது பார்த்தவர்களே. பள்ளி ஆண்டு விழாக்களில் மாணாக்கருக்கு மீசை ஒட்டியும் முடி கட்டியும் நாடகம் ஆட்டுவித்தவர்களே. ஆயினும், இரவெல்லாம் கண்டு மகிழ்ந்த வேடக்காரனை மறுநாள் வீதியிற் கண்டால் கூத்தாடி என்று இகழும் வழக்கம் நம் குடும்பங்களில் இன்னும் நீங்கிற்றில்லை. எம்மிடத்தும் அது நீங்கியிருக்கவில்லை என்பதைப் பின்னர்ச் சொல்லுவோம்.

சுவாமிகள் 1867ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 7ஆம் நாள், தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டி என்னும் சிற்றூரிற் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சங்கரன் என்பது. தந்தையார் தாமோதரனார் இராமாயணம் விரித்துரைப்பதில் வல்லவர். அதனால் இராமாயணப் புலவர் என்றே அழைக்கப்பெற்றார். மைந்தர்க்கு முதலாசிரியரும் அவரே. பின்னர்ச் சங்கரனார், வண்ணம் பாடுவதிற் பெரும்புகழ் பெற்ற வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகளை அடைந்து இலக்கண இலக்கியங்களை முறையாகக் கற்றார். வெண்பாவும் விருத்தமும் சந்தப் பாட்டும் அவர் நாவிற் புரளலாயின.

கல்வி முற்றிய பின் உப்பு நிறுவனம் ஒன்றிற் கணக்கர் வேலை கிடைத்தது. மாதந்தோறும் சம்பளம் வரும் உத்தியோகம். ஊரார் மதிக்கும் வாழ்வு. வேறொருவராயின் அதனோடு அமைந்து, மனைவி மக்களோடு இனிதே வாழ்ந்து மறைந்திருப்பர். அவரோ 1891ஆம் ஆண்டு, தம் இருபத்து நான்காம் வயதில், அவ்வேலையைத் துறந்து நாடகக் குழுவினரோடு சேர்ந்தார். தமிழ் கற்ற ஒருவர், கணக்கர் வேலையை விட்டுவிட்டு அரிதாரம் பூசப் போனார் எனில், அக்காலத்து உற்றார் உறவினர் எங்ஙனம் மனங்குமைந்திருப்பர் என்பதை நம் வீடுகளில் நடப்பதைக் கொண்டே உணரலாம்.

அதே 1891ஆம் ஆண்டிற் சென்னையிலே பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். அச்சபையார் ஆங்கிலங் கற்ற கனவான்கள். பகலில் தம் அலுவல்களைப் பார்த்து, ஓய்ந்த வேளையில் நாடகம் ஆடினர். ஆதலால் அவர்களை எவரும் எளிதில் இகழ இயலாது. சுவாமிகள் புகுந்த இடமோ, நாடகமே பிழைப்பாகக் கொண்டு ஊர் ஊராகக் கொட்டகை கட்டித் திரிந்த தொழில்முறைக் குழு. முன்னது நாடகத்தைக் கற்றோர் மன்றத்துக்குக் கொண்டு சென்றது. பின்னதிற் புகுந்த சுவாமிகளோ கல்வியை நாடகக் கொட்டகைக்குக் கொண்டு வந்தார். இரண்டும் தமிழுக்குச் செய்த தொண்டே எனினும், இரண்டாவது செய்தவர்க்கு இழப்பு அதிகம் என்பது எம் கருத்து.

அக்காலத்து மேடையின் நிலை யாது? பார்சிக் குழுவினர் வருகையால் வண்ணம் தீட்டிய திரைகளும், சரிகையும் சமிக்கியும் மின்னும் வெல்வெட்டு உடைகளும், ஆர்மோனியமும் தமிழ் மேடைக்கு வந்துவிட்டன. கண்ணுக்கும் செவிக்கும் விருந்து மிகுந்தது. ஆனால் வசனம் பெரும்பாலும் நடிகர் வாயில் வந்தபடியே அமைந்தது. கதைக்கு இயையாத பேச்சும், அவையல் கிளவியும் இடையே புகுந்து, குடும்பத்தோடு அமர்ந்து காண்பதற்குக் கூசும் நிலையை உண்டாக்கின. உடல் அலங்காரம் வளர்ந்த அளவுக்குச் சொல் அலங்காரம் வளர்ந்திலது. இக்குறையை நீக்குதலே சுவாமிகள் வாழ்நாட் பணியாயிற்று.

முதலில் அவர் நடிகராகவே விளங்கினார். எமதருமன், சனீசுவரன், இராவணன், இரணியன் முதலிய கொடிய வேடங்களே அவர்க்கு உரியனவாயின. அவ்வேடங்களில் அவர் தோன்றுங்கால் அவையோர் நடுங்குவர் என்பர். அந்நடிப்பே அவர் மனத்தைப் புண்படுத்தும் நிகழ்ச்சிக்கும் காரணமாயிற்று. அச்சந்தரும் அவருடைய வேடத்தைக் கண்ட கருவுற்ற பெண்ணொருத்தி வெருவி வீழ்ந்தாள் என்றும், அவ்வச்சம் அவளுக்குப் பெருங்கேடாய் முடிந்தது என்றும் அவர் மாணாக்கர் வழியாக வழங்கும் செய்தி கூறுகின்றது. தம் கலைத்திறன் பிறர்க்குத் துன்பமாய் முடிந்ததை அறிந்த சுவாமிகள் வேடம் புனைதலையே விட்டொழித்தார். கைதட்டும் புகழும் வளர்ந்துகொண்டிருந்த வேளையில் அதனை உதறுதல் எளிதன்று. கலைஞன் தன் திறமைக்குத் தானே பொறுப்பேற்க வேண்டும் என்னும் அறம் அச்செயலில் விளங்குகின்றது.

சில காலம் நாடகங்களைக் கற்பித்தும் நடத்தியும் வந்த பின்னர், உலகியலில் உவர்ப்புற்றுத் தல யாத்திரை மேற்கொண்டார். இல்லறம் புகாது துறவு நெறியில் நின்றமையால் சுவாமிகள் என்னும் பெயர் நிலைத்தது. யாத்திரையில் இருந்தவரைப் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையவர்கள் தம்மிடம் அழைத்து வைத்துக்கொண்டார். கஞ்சிரா என்னும் கருவியைக் கச்சேரி மேடைக்கு ஏற்றிய அப்பெருமகனார் சுவாமிகளைத் தம் புதல்வராகவே கொண்டு போற்றினார் என்பர். தண்டபாணி சுவாமிகளிடம் கற்ற சந்தமும், மான்பூண்டியா பிள்ளையிடம் பழகிய தாளமும் ஒன்று கூடின. அதன் பயனாகச் சுவாமிகளின் நாடகப் பாடல்கள் படிப்பதற்கு மட்டுமன்றிப் பாடுவதற்கும் ஆடுவதற்கும் இசைந்தனவாய் அமைந்தன.

நாடகத்துக்கு மீண்ட சுவாமிகள் இயற்றிய நாடகங்கள் பல. வள்ளி திருமணம், கோவலன், சத்தியவான் சாவித்திரி, பவளக்கொடி, சுலோசனா சதி, பிரகலாதன், சிறுத்தொண்டர், நல்லதங்காள், லவகுசா என்பன அவற்றுட் சில. புராணக் கதைகளோடு நில்லாது, ஷேக்ஸ்பியர் எழுதிய ரோமியோ ஜூலியத்தையும் தமிழ் மேடைக்கு ஏற்ப ஆக்கினார். திருக்குறள், நாலடியார் முதலிய நீதி நூல்களின் கருத்துகளை வசனத்தினூடே விரவி வைத்தார். எழுத்தறியாத உழவனும் உழத்தியும் அக்கொட்டகையில் அமர்ந்து, பள்ளியிற் பெறாத தமிழைச் செவிவழியே பெற்றனர். எம்போன்ற ஆசிரியர் நாற்பது மாணாக்கர்க்கு ஒரு வகுப்பறையிற் கற்பிப்பதை, அவர் ஆயிரவர்க்கு ஓர் இரவிற் கற்பித்தார் என்றால் மிகையாகாது.

அவர் பாடத்தின் வலிமைக்கு ஒரு சான்று கூறுவோம். மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் பக்கங்களில் ஸ்பெஷல் நாடகம் என்னும் முறை இன்றும் உளது. ராஜபார்ட் ஓரூரார், ஸ்திரீபார்ட் மற்றோரூரார், பபூன் வேறோரூரார், ஆர்மோனியக்காரர் பிறிதோரூரார். ஒருவரோடொருவர் ஒத்திகை பாராமலே, குறித்த இரவில் ஒரு மேடையிற் கூடி வள்ளி திருமணத்தை விடியும்வரை ஆடி முடிப்பர். நாரதர்க்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கத்தைக் கேட்பதற்கென்றே கூட்டம் கூடும். ஒத்திகையின்றி இஃது எங்ஙனம் கூடிற்று? எல்லார்க்கும் மூலபாடம் ஒன்று. அது சுவாமிகள் பாடம். அவரவர் தம் திறமைக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் பேசினும், அடிநிலை அசைவதில்லை.

வயது முதிர்ந்த நடிகர் பலர் பாடத்துக்கு அடங்காது தம் மனம்போனவாறு பேசியும், ஒழுங்கிற் பிறழ்ந்தும் வந்தமை சுவாமிகளை வருத்திற்று. ஆதலால் இளஞ்சிறாரைப் பயிற்றுவித்து நாடகம் நடத்தும் முறையை மேற்கொண்டார். 1910ஆம் ஆண்டு அவர் தொடங்கிய சமரச சன்மார்க்க நாடக சபையிற் பயின்றோருள் ஒருவர், பிற்காலத்தில் இசையால் தமிழகத்தை ஆண்ட எஸ். ஜி. கிட்டப்பா. 1918ஆம் ஆண்டு மதுரையிலே தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தோன்றிற்று. சுவாமிகள் அதன் ஆசிரியரானார். டி. கே. எஸ். சகோதரர்கள் என்று பின்னர்ப் புகழ்பெற்றோர் அச்சபையிற் சிறுவராய்ச் சேர்ந்து அவரிடம் பாடங் கேட்டனர்.

இவ்விடத்து நடுநிலை பிறழாது ஒன்று கூறுதல் கடன். பாலர் சபை என்பது தாய் தந்தையரைப் பிரிந்த சிறுவர் வாழ்ந்த இடம். இரவெல்லாம் விழித்து ஆடவேண்டும், கட்டுப்பாடு கடுமையானது, பொதுப்பள்ளிக் கல்வி அவர்க்கு இல்லை. ஆண்பிள்ளைகளே புடைவையுடுத்துப் பெண்வேடமும் தாங்கினர். இன்றைய நெறிப்படி அதனை யாம் உடன்படோம். ஆயினும் வறுமையால் எழுத்தும் எண்ணும் அறியாது போயிருக்கக்கூடிய பிள்ளைகள் பலர், அங்கே நல்ல உச்சரிப்பும், இசையும், நினைவாற்றலும், தம் கையால் உண்ணும் தகுதியும் பெற்றனர் என்பதும் மறுக்கவொண்ணாத உண்மை.

சுவாமிகளது புலமைக்கு எடுத்துக்காட்டாய் அடிக்கடி சொல்லப்படுவது அபிமன்யு சுந்தரி நாடகம் பிறந்த வரலாறு. சிறுவர் சண்முகம் ஆறேழு வயதினர். அவர் திறனைக் கண்டு உவந்த ஆசிரியர், அவர்க்கென்றே அபிமன்யுவைத் தலைவனாகக் கொண்ட நாடகம் ஒன்று எழுதத் துணிந்தார். ஓரிரவில் எழுதத் தொடங்கியவர், பொழுது விடிவதற்குள் பாடலும் வசனமுமாக முழுநாடகத்தையும் எழுதி முடித்தார். மாணாக்கன் ஒருவனது திறத்தைக் கண்டு, அதற்கேற்ற பாத்திரத்தைத் தாமே சமைத்துத் தரும் ஆசிரியர் எத்துணைப் பேர் உளர்? எம்மை நாமே வினவி நாணவேண்டிய இடம் இது.

1921ஆம் ஆண்டிற் சுவாமிகளைப் பக்கவாதம் பற்றியது. கையும் காலும் முடங்கின. அதனினும் கொடியது, நாவும் அடங்கிற்று. ஆயிரம் நாவுகளுக்குச் சொல் கொடுத்த அவர்க்குத் தம் நாவிற் சொல் இல்லையாயிற்று. அந்நிலையிலும் அவர் சபையை விட்டுப் பிரிந்திலர்; பிள்ளைகளோடே ஊர் ஊராகச் சென்றார். சபை புதுச்சேரியில் இருந்தபோது, 1922ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 13ஆம் நாள், ஐம்பத்தைந்தாம் வயதில் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். மனைவி மக்கள் இல்லை. பாடம் கேட்ட பிள்ளைகளே அவர் மக்கள். பாடமே அவர் விட்டுச்சென்ற செல்வம்.

அவர் மறைந்த மூன்றாம் ஆண்டில், 1925இல், டி. கே. எஸ். சகோதரர்கள் தாமே ஒரு சபை கண்டனர். அவருள் சண்முகனார் தம் ஆசிரியர் புகழை வாழ்நாள் முழுதும் பரப்பினார். பாலர் சபைகளிலிருந்து வந்தோரே பிற்காலத்துத் திரைப்பட உலகின் தூண்களாயினர். பேச்சிழந்து அவர் உயிர்நீத்த அதே புதுச்சேரியில், இன்று பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி சங்கரதாஸ் சுவாமிகள் பெயரைத் தாங்கி நிற்கின்றது. கூத்தாடிப் போனான் என்று ஊரார் இகழ்ந்திருக்கக்கூடிய ஒருவர் பெயரால் பட்டம் வழங்கப்படுகின்றது என்பதை நம் குடும்பத்தார் மனங்கொள்வாராக.

இனி, முன்னே கூறுவதாகச் சொன்ன எம் செய்தி. சில ஆண்டுகளுக்கு முன் எம் வகுப்பில் நம்மவர் பிள்ளை ஒருவன் இருந்தான். செய்யுளை ஒருமுறை கேட்டால் மறுமுறை ஒப்பிப்பான். ஓர் இரவு கூத்தில் அபிமன்னன் வேடம் கட்டிவிட்டு, காதோரத்தில் அரிதாரம் மாறாமலே வகுப்புக்கு வந்து, பாடத்தின் நடுவே உறங்கிவிட்டான். யாம் அவனை எழுப்பி, எல்லார் முன்னிலையிலும் கூத்தாடி என்று கடிந்தோம். அவன் மறுமொழி கூறவில்லை. அதன்பின் வகுப்பிற் செய்யுள் ஒப்பிக்கவும் அவன் கை உயர்த்தியதில்லை. சுவாமிகள் ஓர் அபிமன்யுவைக் கண்டு நாடகம் எழுதினார். யாம் ஓர் அபிமன்யுவைக் கண்டு வாயடைத்தோம்.

இப்பொழுது அப்பிள்ளை ஓசூரில் ஓர் ஆலையிற் பணிபுரிகின்றான். திருவிழாவுக்கு விடுப்பெடுத்து வந்து, இன்றும் வேடம் கட்டுகின்றான். சென்ற திருவிழாவில் ஒப்பனை நடக்கும் கொட்டகைக்கு யாமே சென்றோம். பாதி முகத்தில் வண்ணம் எழுதியிருந்த அவன் எம்மைக் கண்டு திடுக்கிட்டு எழுந்து நின்றான். உட்கார்ந்து ஒப்பனையை முடிக்குமாறு சொல்லி, அன்று கடிந்தது எம் பிழை என்பதையும் சொன்னோம். அவன் தலைகுனிந்து சிரித்தான். பின்னர்க் கிரீடத்தை எடுத்துக் கொடுக்கும்படி கேட்டான், எடுத்துக் கொடுத்தோம்.

நம் சங்கத்து அன்பர்களே! கல்வி நிதிக்கும் திருமண உதவிக்கும் நாம் பொருள் சேர்க்கின்றோம், நன்று. நம் பிள்ளைகளுள் பாடவும் ஆடவும் வேடம் புனையவும் வல்லார் இருப்பின், படிப்பைக் கைவிடாது அக்கலையையும் அவர்கள் பயில வழி செய்வோமாக. அதற்குப் பொருளுதவி இயலாவிடினும் கேடில்லை. கூத்தாடி என்னும் வசையை நம் இல்லங்களில் வழங்காது விடுதல் எவர்க்கும் இயல்வதே. சுவாமிகள் சரித்திரத்தைப் படித்ததற்கு அதுவே பயனாகும்.