ஊர் என்றால் யார் யார்?

பரளச்சியிலிருந்து கமுதிக்குச் செல்லும்போதெல்லாம் ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி என் நினைவுக்கு வருவார். கமுதியின் மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயில்தான் அவருடைய வாழ்வை எனக்குப் புதிராக்கியது.

1868-இல் பிறந்த அவர் 1889-இல் ஜமீன் பொறுப்பேற்றார். கேட்டவர்க்கு இல்லையென்னாதவர்; கொடுத்துக் கொடுத்தே கடன்பட்டவர். சிகாகோ சர்வ சமயப் பேரவைக்குச் செல்லுமாறு விவேகானந்தரை ஊக்குவித்தவர்களில் முக்கியமானவர். 1897 ஜனவரியில் அத்துறவி பாம்பனில் வந்திறங்கியபோது, அவர் அமர்ந்திருந்த வண்டியைத் தாமே இழுத்து மகிழ்ந்தார்.

அதே ஆண்டு மே மாதம், நாடார்கள் சிலர் கமுதிக் கோயிலுக்குள் சென்று வழிபட்டனர். பரம்பரை அறங்காவலரான சேதுபதியின் தரப்பு, கோயில் தீட்டுப்பட்டதாக வழக்குத் தொடுத்தது. 1899-இல் சார்பு நீதிமன்றமும், பின்னர் சென்னை உயர் நீதிமன்றமும், 1908-இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் நாடார்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தன. நெடுங்கால வழக்கம் அத்தீர்ப்புகளுக்குத் துணை நின்றது. இறுதித் தீர்ப்பைக் காண சேதுபதி இல்லை. 1903-இல், 35 வயதிலேயே அவர் மறைந்துவிட்டார்.

ஒரு செயலைத் தவறென்று ஊரே உணர்ந்தால், அது தவறு என்பதற்கு அவ்வுணர்வே சான்றாகுமா? இல்லை என்று எளிதில் சொல்லிவிட முடியாது. ஈகை நன்று, கொடுமை தீது என்பவற்றை நாம் தருக்கத்தால் நிறுவிய பிறகா நம்புகிறோம்? சேதுபதியின் கொடையை இன்றும் நாம் போற்றுவதற்கு அந்தப் பொது உணர்வைத் தவிர வேறு ஆதாரம் நம்மிடம் அதிகமில்லை.

ஆயினும், கமுதி வழக்கில் ஊர் என்று கருதப்பட்டவர்கள் கோயிலுக்குள் இருந்தவர்கள் மட்டுமே. வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கும் நீதியுணர்வு இருந்தது. அது தங்களுக்கு இழைக்கப்படும் அநீதி என்றே அவர்கள் உணர்ந்தார்கள். அவர்களுடைய உணர்வை விலக்கிவிட்டுக் கண்ட ஒருமித்த கருத்தைப் பொதுவானது என்பது எப்படிப் பொருந்தும்?

1939-இலும் 1947-இலும் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டங்கள் வந்தன. லண்டன் வரை சென்று வென்ற வழக்கம் நாற்பதே ஆண்டுகளில் சட்டத்தின் முன் செல்லாததாயிற்று. சேதுபதியின் பெருமையைக் குறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அத்தனை பரந்த உள்ளம் படைத்தவரின் பெயராலேயே அத்தகைய வழக்கு நடக்க முடிந்தது என்பதுதான் என்னை அச்சுறுத்துகிறது. ஆகவே, ஊர் வழக்கம் என்று எவரேனும் தொடங்கும்போது, ஊர்க்கணக்கில் விடுபட்டவர் யார் என்றே நான் முதலில் கேட்கிறேன்.