கசப்பைக் கொடையாக்கியவர்

கொயினாவின் கசப்பை நம் பாட்டன்மார் அறிவர். அதைத் தந்தவர் பெயரை அறிந்தனரா? மன்னன் பெயர் தெரியும், அவன் ஏறிய குதிரையின் பெயரும் தெரியும்! மருந்து தந்தவன் பெயர்தான் மறந்துபோகும். பெல்தியேவைப் பற்றிப் பேசுவோம், தோழர்களே!

1788இல் பாரிசில் பிறந்தார் பெல்தியே. மருந்துக் கடைக்காரர் மகன். ஒன்பது வயதிலே தந்தையை இழந்தார். அரண்மனை ஆதரவில்லை, கடையும் அடுப்பும் குடுவையுமே அவர் படைக்கலம். 1817இல், மஜாந்தி எனும் மருத்துவருடன் சேர்ந்து, இபிகாக் வேரிலிருந்து எமிட்டினை எடுத்தார். நாய்களுக்குக் கொடுத்து அதன் ஆற்றலை அளந்தனர். பின்னாளில், 1912இல், கல்கத்தாவில் அதே எமிட்டின் ஊசியாகி அமீபா சீதபேதியை அடக்கிற்று. 1818இல், கவான்தூ எனும் இளைஞருடன் சேர்ந்து ஸ்ட்ரிக்னினைக் கண்டார். நம்மூர் எட்டிக்கொட்டையிலே இருக்கிறதே, அந்த நஞ்சுதான்!

சிங்கோனாப் பட்டை ஐரோப்பாவுக்குப் புதிதல்ல. 17ஆம் நூற்றாண்டு முதலே தென்னமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தது. இடித்துத் தூளாக்கி மதுவில் கலந்து குடித்தார்கள். ஆனால் ஒரு பட்டையிலே சத்து மிகுதி, மற்றொன்றிலே சொற்பம். போலிப் பட்டையும் மூட்டைக்குள் புகுந்தது. காய்ச்சல்காரன் பிழைப்பதும் சாவதும் வணிகன் மூட்டையைப் பொறுத்ததாயிற்று! எத்தனை தூள் கொடுப்பது? எவருக்கும் தெரியாது.

1820இல் அந்த மூட்டையின் ஆட்சி முடிந்தது. அமிலம், காரம், சாராயம் கொண்டு பிரித்துப் பிரித்து, மஞ்சள் பட்டையின் கசப்பையெல்லாம் தன்னுள் கொண்ட பொருளைத் தனியே எடுத்தார்கள் இருவரும். குயினைன் என்று பெயரிட்டார்கள். மருத்துவர்கள் நோயாளிகளுக்கு நிறுத்துக் கொடுத்தனர், காய்ச்சல் தணிந்தது.

அடுத்து என்ன? காப்புரிமை வாங்கிப் பூட்டியிருக்கலாம். ஒரு குன்றிமணி எடைக்கு ஒரு பொற்காசு கேட்டிருக்கலாம். செய்தார்களா? இல்லை! செய்முறையை ஊரறிய அச்சிட்டார்கள். பெல்தியே தாமும் ஆலை நடத்தினார், வாணிபமும் செய்தார், மறைக்கவில்லை நாம். ஆனால் பிறர் அடுப்பை அணைக்கவில்லை அவர். 1827இல் பத்தாயிரம் பிராங்க் பரிசு வந்தது.

1842இல் மறைந்தார். தம் மருந்து எந்தப் பகையை வீழ்த்துகிறது என்பது அவருக்குத் தெரியாது. அந்த ஒட்டுண்ணியை 1880இல்தான், அல்சீரியாவில், ஒரு சிப்பாயின் குருதியில் லவெரான் கண்டார். குயினைன் கொடுத்ததும் அது குருதியிலிருந்து மறைவதையும் கண்டார்.

1900இல் பாரிசு இருவருக்கும் சிலை எடுத்தது. இரண்டாம் உலகப் போரில், செர்மானியர் ஆக்கிரமிப்பின்போது, உலோகத்துக்காக அதை உருக்கிவிட்டார்கள். 1951இல் அதே இடத்தில் வேறொரு நினைவுச் சின்னம் எழுந்தது: கல்லிலே படுத்திருக்கும் ஒரு பெண்ணுருவம்.