ஒளியின் பாதையை ஆராய்ந்த இப்னுல் ஹைஸம் (ரஹ்)

 

இன்று கைப்பேசியிலும் அமைந்துள்ள அகன்ற கோண லென்ஸ், ஓர் அறை முழுவதையும் ஒரே படத்தில் அடக்கிவிடுகிறது. அக்கலைக்கு அடித்தளமிட்ட மேதை ஒருவரின் வாழ்வை நாம் அறிந்துகொள்வோம்.

அபூ அலீ அல்ஹஸன் இப்னுல் ஹைஸம் (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 354 (கி.பி. 965) அளவில் இராக்கின் பஸராவில் பிறந்தார்கள். நைல் நதியின் பெருக்கை ஒழுங்குபடுத்த இயலும் என்று அவர்கள் கூறியதைக் கேள்வியுற்று, எகிப்தின் ஃபாத்திமிய்யா ஆட்சியாளர் ஹாகிம் அவர்களை வரவழைத்தார். அஸ்வான் பகுதிக்குச் சென்று நேரில் கண்டபின், அத்திட்டம் நிறைவேறாது என்று உணர்ந்தார்கள். ஆட்சியாளரின் சினத்துக்கு அஞ்சி, 1021இல் அவர் மறையும் வரை சித்தம் கலங்கியவர் போல் இருந்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். பின்னர் அல்அஸ்ஹர் பள்ளிவாசலருகே தங்கி, யூக்ளிட், தாலமி ஆகியோரின் நூல்களைப் பிரதியெடுத்து, அந்த ஹலாலான கூலியில் வாழ்ந்தார்கள்.

கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதாலேயே நாம் காண்கிறோம் என்பது அவ்விருவரின் கொள்கை. எவருடைய நூல்களை எழுதி உண்டார்களோ, அவர்களுடைய கூற்றையே சோதித்து மறுத்தார்கள் இப்னுல் ஹைஸம். பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணை அடைகிறது என்று ஏழு பாகங்கள் கொண்ட கிதாபுல் மனாளிரில் நிறுவினார்கள். கண்ணாடிக் கோளம் பற்றிய தனி நூலில், இணையாகப் புகும் கதிர்கள் யாவும் ஒரே புள்ளியில் சேர்வதில்லை என்றும் காட்டினார்கள்.

அந்தக் குறையுடன்தான் லென்ஸ் வடிவமைப்போர் இன்றும் போராடுகின்றனர். அகன்ற கோண லென்ஸில் ஒளி பக்கவாட்டிலிருந்து மிகச் சாய்வாக வருவதால் ஓரங்கள் மங்கும்; நேர்கோடுகள் வளையும். ஆகவே பெரிய கேமராக்களில், முன்புறம் புடைத்து, நடுவில் மெலிந்து, ஓரம் தடித்த வில்லை முதலில் நிற்கிறது. அது கதிர்களின் சாய்வைக் குறைத்து உள்ளே அனுப்ப, பின்னுள்ள வில்லைகள் அவற்றைக் குவிக்கின்றன. ஒன்று உண்டாக்கும் பிழையை மற்றொன்று திருத்துகிறது. சில வில்லைகளின் முகம் கோள வடிவிலிருந்து சற்றே மாற்றப்படுகிறது. ஓரக் கதிர்களும் உரிய இடத்தில் சேர்வதற்காகவே இவ்வாறு செய்யப்படுகிறது.

இப்னுல் ஹைஸம் அவர்கள் ஹிஜ்ரி 430 (கி.பி. 1040) அளவில் கெய்ரோவில் வஃபாத்தானார்கள். அவர்களது நூல் லத்தீனில் பெயர்க்கப்பட்டு 1572இல் பாசல் நகரில் அச்சேறியது. 2015ஆம் ஆண்டை உலக ஒளி ஆண்டாகக் கொண்டாடிய யுனெஸ்கோ, அந்நூலின் ஆயிரமாண்டு நிறைவையும் நினைவுகூர்ந்தது.

பெரியோர் எழுதியதை மதித்துக் கற்பதும், கற்றதைச் சோதித்துத் தெளிவதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. மார்க்கக் கல்வியுடன் இவ்வறிவையும் நம் பிள்ளைகளுக்கு அளிப்பது நமது பொறுப்பாகும். வல்ல அல்லாஹ் அதற்கு அருள்புரிவானாக! ஆமீன்.