கல்வி வாயில் திறந்த காதம்பினி

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் நாட்டுப் பெண்களுள் தொடக்கப்பள்ளி வரை பயின்றோர் சிலரே. அதற்குமேல் பயின்றோர் மிக அரியர். பன்னிரண்டு வயதிற்குள் பலர்க்குத் திருமணம் முடிந்துவிடும். பருவமடைந்த பெண் வீதிவழியே பள்ளிக்குச் செல்லுதல் தகாது எனப் பெரியோர் கருதினர். பெண்களுக்கான உயர்நிலைப் பள்ளிகளோ மிகக் குறைவு. இத்தகைய காலத்தில் கல்வியால் உயர்ந்தவர் காதம்பினி கங்குலி.

காதம்பினி 1861ஆம் ஆண்டில், இன்றைய பீகார் மாநிலத்துப் பாகல்பூரில், வங்காளக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை பிரஜகிஷோர் பாசு அங்குத் தலைமையாசிரியராக விளங்கினார். பிரம்ம சமாஜத்தைச் சார்ந்த அவர், மகளுக்கு இளமையில் மணம் முடிக்காமல், கல்கத்தாவிற்கு அனுப்பிப் படிக்க வைத்தார்.

காதம்பினி அங்கு வங்க மகிளா வித்யாலயாவில் பயின்றார். கணிதமும் அறிவியலும் பெண்களுக்கு வேண்டா. தையலும் இல்லறப் பயிற்சியுமே போதும் என்று கற்றவரும் எண்ணிய காலம் அது. அப்பள்ளியின் ஆசிரியர் துவாரகாநாத் கங்குலியோ, ஆண்கள் கற்கும் பாடங்களையே பெண்களும் கற்றல் வேண்டும் என வலியுறுத்தினார். 1878ஆம் ஆண்டில் அப்பள்ளி பெத்தூன் பள்ளியுடன் இணைக்கப்பட்டது.

பள்ளிக் கல்வியை முடித்தாலும் மற்றொரு தடை காத்திருந்தது. கல்கத்தாப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு ஆண்களுக்கே உரியதாக இருந்தது. 1876ஆம் ஆண்டில் சந்திரமுகி பாசு என்னும் மாணவி அத்தேர்வை எழுதித் தேறிய போதும், தேர்ச்சிப் பட்டியலில் அவர் பெயர் இடம்பெறவில்லை. பின்னர் விதி மாற்றப்பட்டது. 1878ஆம் ஆண்டில் காதம்பினி அத்தேர்வில் வென்றார். ஒரே மதிப்பெண் குறைவால் முதல் வகுப்பை இழந்தார். அவர் மேற்கொண்டு பயில்வதற்காகவே பெத்தூன் பள்ளியில் கல்லூரி வகுப்பு தொடங்கப்பட்டது. அவ்வகுப்பின் ஒரே மாணவி அவரே!

1883ஆம் ஆண்டில் காதம்பினியும் சந்திரமுகியும் இந்தியாவின் முதல் பட்டதாரிப் பெண்களாயினர். அவ்வாண்டிலேயே காதம்பினி, துவாரகாநாத்தை மணந்தார். சென்னை மருத்துவக் கல்லூரி 1875ஆம் ஆண்டிலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. கல்கத்தா மருத்துவக் கல்லூரியோ அதுவரை மறுத்து வந்தது. அக்கல்லூரியிலும் இடம்பெற்றுக் காதம்பினி மருத்துவரானார். பின்னர் ஸ்காட்லாந்து சென்று, 1893ஆம் ஆண்டில் உயர்தகுதிகள் பெற்றுத் திரும்பினார். 1923ஆம் ஆண்டில் மறையும் வரை மருத்துவப் பணியாற்றினார்.

பெண்கள் கல்வியில் பின்தங்கியதற்கு அறிவுக்குறை காரணமன்று. வழக்கமும் விதியும் வாய்ப்பின்மையுமே காரணம் என்பதை அவர் வாழ்வு காட்டுகிறது. விதிகள் இன்று மாறிவிட்டன. எனினும் வீட்டு வேலை, இளமை மணம், பள்ளியின் தொலைவு ஆகியவை இன்றும் சிறுமியர் சிலரைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுகின்றன. அவற்றையும் நீக்குதல் நம் கடமையாகும்.

சிந்தித்து விடை எழுதுக

1. பெண்களின் உயர்நிலைக் கல்விக்கு அக்காலத்தில் இருந்த தடைகள் யாவை?
2. சந்திரமுகி பாசுவிற்கு நேர்ந்த அநீதி யாது?
3. உம் வீட்டில் ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் செய்யும் வேலைகளைப் பட்டியலிடுக. யாருக்குப் படிக்க மிகுதியான நேரம் கிடைக்கிறது?