ஜகார்த்தாவில் ஒரு வாத்தியார்

1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் நம் மலாயா காற்பந்தில் வெண்கலம் வாங்கியது. தங்கம் யாருக்குன்னு கேட்டால் ஜொகூரில் ஜேடிடி ஜெர்சி போட்டுத் திரியும் நம்ம பசங்க பலர் முழிப்பாங்க. இந்தியாவுக்கு! அந்த அணியின் பயிற்றுநர் சையத் அப்துல் ரஹிம்.

1909-இல் ஹைதராபாத்தில் பிறந்தவர், பள்ளி ஆசிரியர். உஸ்மானியா பல்கலைக்கழகத்துக்கு ஆடியிருக்கிறார். ஆனால் பேர் நிலைத்தது பயிற்றுநராகத்தான். 1950 முதல் அவரிடம் பயின்ற ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணி தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கிண்ணத்தை வென்றது. பயிற்சியிலும் வாத்தியார் புத்தி. பந்தைத் தனியாக வெட்டிக்கொண்டு ஓடக்கூடாது என்று ஒரு போட்டி வைப்பார். பழக்கமில்லாத காலால் மட்டும் உதைக்கணும் என்று இன்னொன்று. நம்ம கிளை ஃபுட்சாலில் ஒருநாள் செய்து பாருங்க, யாருக்கு உண்மையிலேயே ஆடத் தெரியும்னு அஞ்சு நிமிஷத்தில் தெரிஞ்சிடும்.

1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் இந்தியர்கள் பலர் வெறுங்காலோடு ஆடி, யுகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றார்கள். நாலே வருஷத்தில், 1956 மெல்பர்னில், அதே நாட்டை ரஹிம் நான்காம் இடத்துக்குக் கொண்டுவந்தார்.

ஜகார்த்தாவுக்குப் போனபோது நுரையீரல் புற்றுநோய் அவரை அரித்துக்கொண்டிருந்தது. முதல் ஆட்டமே தென்கொரியாவிடம் 2-0 தோல்வி. தாய்லாந்தை வென்ற ஆட்டத்தில் தற்காப்பு ஆட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடி, தையல். ரஹிம் அவரை உட்கார வைக்கவில்லை, தாக்குதல் வரிசைக்கு மாற்றிவிட்டார். இன்றைக்கு எந்த டாக்டரும் விடமாட்டார், அது சரியான்னு எனக்கும் சந்தேகம்தான். ஆனால் ஜர்னைல் அரையிறுதியிலும் கோல் போட்டார், இறுதியிலும் போட்டார்.

இறுதியில் மறுபடியும் தென்கொரியா. கோல் காவலர் தங்கராஜ் நம்ம தமிழர், நல்ல உயரம். சளிக்காய்ச்சலில் கிடந்தவரை ரஹிம் திரும்ப இறக்கினார். அரசியல் சண்டையால் அரங்கமே இந்தியாவுக்கு எதிராகக் கத்தியது. பி.கே. பானர்ஜி முதல் கோல், ஜர்னைல் இரண்டாவது. கொரியா கடைசியில் ஒன்றைத் திருப்பியது, அவ்வளவுதான். 2-1.

1963 ஜூன் 11 அன்று ரஹிம் காலமானார். ஆசியப் போட்டிக் காற்பந்தில் இந்தியா அதன்பிறகு தங்கம் வாங்கவே இல்லை.